சாய்ந்து கிடந்த தெரு

அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் தலையை இடது தோளின்மேல் சாய்த்துக்கொண்டு என் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. நடு வயது, கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி, மிகப் பொறுமையான பெண்மணி. அவருக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரில் பெயர்களை ஏற்றும் இளம்பெண். இந்தப் பக்கம் நான், என் கணவர், எங்கள் தெருவில் மீன் விற்கும் தேசம்மா. ஆறாவது ஆளுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற இளநீர்க்காரர் அவர். எல்லோரும் தலையைச் சாய்த்து எதையோ பார்க்கிறார்களே என்று அவரும் வந்து சாய்ந்துகொண்டார்.

திரையில் எங்கள் மந்தைவெளித் தெரு படுத்துக் கிடந்தது. ஓர் ஆட்டோ சுவரில் ஏறும் பல்லியைப் போலக் கீழிருந்து மேலே போனது. ஒரு நாய் செங்குத்தாக நின்று காதைச் சொறிந்தது.

"இதை நேரா திருப்ப முடியாதாம்மா?" என்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார் அதிகாரி.

"முடியும் மேடம். ஆனா திருப்பலை."

"ஏன்?"

"திருப்பினா அது நான் கை வெச்ச படம் ஆயிடும். அன்னிக்கு எப்படிப் பதிவாச்சோ அப்படியே கொண்டுவந்திருக்கேன்."

என் கணவர் ஒரு பெருமூச்சு விட்டார். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அந்தப் பெருமூச்சின் பொருள் எனக்குத் தெரியும். 'நான் வீட்டிலேயே சொன்னேன்' என்பதுதான் அது.

இந்த நிலைமைக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்கிறேன்.

தேதி சொல்லும் வழக்கம்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் கேமராப் பைத்தியம் தெரியும். இன்று முதன்முதலாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்று. தேனாம்பேட்டையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். தேதி இல்லாத காகிதம் செல்லாத காகிதம் என்பது அங்கே நான் கற்றது. அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

கையில் வீடியோ கேமரா வந்த நாளிலிருந்து, எதை எடுத்தாலும் முதலில் தேதியை வாய்விட்டுச் சொல்வேன். பிறகு கிழமை, மணி, இடம், வானிலை. அதற்கப்புறம்தான் படம்.

தி.நகரில் தீபாவளிக்கு முந்தைய வாரம், ரங்கநாதன் தெரு முனையில் கூட்டம் என்னை நாலு பக்கமும் நெருக்க, "இன்று ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி" என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் கர்சீப் விற்றுக்கொண்டிருந்தவர், "சனிக்கெயமமா" என்றார். ஆமாம், சனிதான். மறுபடி எடுத்தேன். அந்தப் படத்தில் தெருவைவிட அவர் சிரிப்புதான் நன்றாக விழுந்திருக்கிறது.

அடையாறு பாலத்தின்மேல் நின்று கழிமுகத்துக் கொக்குகளை எடுத்தபோதும் அப்படித்தான். தேதி, மணி, இடம் எல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் துணி கிழிவதுபோலக் காற்றுச் சத்தம்தான் கேட்கிறது. அதன் நடுவில் "கிழமை" என்ற ஒரே ஒரு சொல் தப்பிப் பிழைத்திருக்கிறது.

சொன்னதையெல்லாம் நோட்டிலும் எழுதிவைப்பேன். நீளமான கோடு போட்ட நோட்டுகள், இதுவரை ஆறு. 'காலை 7.10. கபாலி கோயில் குளம். படியில் புறாக்கள். 4 நிமிடம். மேகமூட்டம்.' இப்படிப் பக்கம் பக்கமாக.

இந்தத் தொடரில் தேதிகளைப் போட வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியர் முதல் வாரமே கேட்டுக்கொண்டார். நான் கொடுத்த முதல் அத்தியாயம் பஞ்சாங்கம் போல இருந்ததாம். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். ஒவ்வொரு வாரமும் இது எனக்கு ஒரு விரதம்.

"எவன்க்கா போட்டோ எடுத்தான்?"

தேசம்மா என்னைவிட இரண்டு வயது இளையவள். பட்டினப்பாக்கத்தில் வீடு. எங்கள் வாசலிலிருந்து நாற்பதடி தள்ளி, மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு பலகையும் அலுமினியக் கூடையும் தெர்மாகோல் பெட்டியுமாக உட்காருவாள். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்தபோதே அவள் அங்கே இருந்தாள். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவள் கூடையிலிருந்து வந்தவை.

சென்ற வருடம் ஒரு புதன்கிழமை காலை, மீன் கவுச்சி போகக் கையைக் கழுவிவிட்டு, எங்கள் வீட்டுப் படியேறி வந்தாள். அவள் படியேறி வருகிறவள் இல்லை. "யக்கா, மீனு" என்று வாசலில் நின்று கத்துகிறவள்தான்.

"யக்கா, ஒரு பேஜாரா போச்சு. பட்டியல்ல என் பேரு இல்லியாம்."

தெருவோரத்தில் விற்பவர்களை எல்லாம் பக்கத்துத் தெருவில் கட்டியிருக்கும் புதுக் கொட்டகைக்கு மாற்றப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அடையாள அட்டை இருப்பவர்களுக்கு அங்கே ஆளுக்கொரு மேடை. கொட்டகை திறந்த பிறகு தெருவில் யாரும் உட்காரக் கூடாது.

"எப்படி இல்லாம போகும்? இத்தனை வருஷமா இங்கேதானே இருக்கே?"

"அத்ததான் நானும் கேட்டேன். அன்னிக்கிக் கணக்கு எடுக்கச் சொல்ல நான் இங்க இல்லியே. பொண்ணு பிரசவத்துக்குப் பயவேற்காடு போய்ட்டேன் இல்ல? ஒரு மாசம் கெய்ச்சி வந்தா எல்லாரும் பேரு குட்த்துட்டு குந்திகினு கீறாங்கோ. ஒருத்தியாச்சும் எனக்கு சொல்லணுமே."

"இப்ப என்ன சொல்றாங்க?"

"கார்ப்பரேசன்ல கீற அந்த அம்மா நல்லாத்தான் பேசுது. கணக்கு எடுக்கறதுக்கு முன்னாலயே நீ இங்க வித்தன்றதுக்கு ஒரு ஆதாரம் குடு, பேரு சேத்துக்கறேன்னுது. பக்கத்துல விக்கிறவங்கோ வந்து சொன்னாங்கோ, எய்திக்கினாங்கோ. கூட ஒரு காயிதமோ படமோ வேணுமாம். பத்து நாளு டயமு."

"போட்டோ ஒண்ணுகூட இல்லையா?"

"ஏன் இல்ல? கல்யாண போட்டோ கீது. பொண்ணு வயசுக்கு வந்த போட்டோ கீது. பேரனுக்கு மொட்ட அட்ச்ச போட்டோ கீது. மீன் விக்கச் சொல்ல எவன்க்கா போட்டோ எடுத்தான்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கண்ணாடி அலமாரியைக் காட்டினாள்.

"நீதான் அந்த டப்பாவ தூக்கினு தெருத்தெருவா சுத்துனியே. நாயி போனா புடிக்கிற. காக்கா குந்துனா புடிக்கிற. என்னியும் புட்ச்சி வெச்சிருப்ப இல்ல?"

"இருக்கும் தேசம்மா. கண்டிப்பா இருக்கும். நாளைக்கே எடுத்துத் தரேன்" என்றேன்.

அவ்வளவு நம்பிக்கையாக நான் சொன்னதுதான் தப்பு.

ஆறு நோட்டுகள்

அன்று மத்தியானமே ஆறு நோட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்கெடுப்பு நடந்து பல வருடமாகிறது. அந்தக் காலத்துப் பதிவுகள் முதல் இரண்டு நோட்டுகளுக்குள் அடக்கம். வேலை சுலபம் என்று நினைத்தேன்.

'தெரு' என்று எழுதியிருந்த பதிவுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எங்கள் தெருவை நான் நிறையத்தான் எடுத்திருக்கிறேன். மழையில் தெரு, மார்கழியில் தெரு, பந்த் அன்று காலியாகக் கிடக்கும் தெரு. எல்லாவற்றிலும் தெருவின் இடது பக்கம் இருந்தது. அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. பூக்கும் காலத்தில் அழகாக இருக்கும். வலது பக்கம் மின்சாரப் பெட்டி, குப்பைத் தொட்டி, தேசம்மா. என் கேமரா ஒவ்வொரு தடவையும் மரத்தடி வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டிருந்தது.

இரண்டாம் நாள் அதைவிட மோசமான ஒன்றைக் கண்டுபிடித்தேன். நோட்டின் கடைசிப் பத்தியில், குறிப்பு என்ற தலைப்பின் கீழே, என் கையெழுத்திலேயே இருந்தது: 'மீன் சத்தம். மறுபடி எடுத்தது.' எண்ணிப் பார்த்தேன். பதினோரு இடங்களில் அதே வரி.

விஷயம் இதுதான். காலையில் கேட்டருகே நின்று நான் தேதி சொல்ல ஆரம்பிப்பேன். சரியாக அப்போது தேசம்மா, "வஞ்சிரம்... வவ்வாலு... சங்கரா... எறாவ்" என்று ஒரு நீட்டு நீட்டுவாள். என் தேதி அதில் மூழ்கிப்போகும். நான் டேப்பைப் பின்னால் ஓட்டி, அதன்மேலேயே மறுபடி பதிவேன். நாடாவைச் சிக்கனமாகச் செலவழிக்கிறேன் என்று பெருமை வேறு.

அவள் குரல் பதினோரு தடவை என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பதினோரு தடவையும் அதன்மேல் என் குரலை வைத்து நானே அழித்திருக்கிறேன்.

எனக்குப் பழைய பயண நூல்கள் படிக்கும் பழக்கம் உண்டு. காசிக்கும் கயிலைக்கும் போனவர்கள் ஆறு, மலை, சத்திரம், சாப்பாடு என்று எல்லாவற்றையும் எழுதியிருப்பார்கள். கிளம்பிய தெருவில் யார் இருந்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். இப்போது அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

"தஞ்சாவூர் யானைக்கு நாலு நிமிஷம் கொடுத்திருக்கே" என்றார் என் கணவர், என் தோள் வழியாக நோட்டைப் பார்த்து. "அந்த யானை வந்து உனக்கு சங்கரா வெட்டித் தருமா?"

"ஞாயித்துக்கிழமை மீன் வாங்கப் போறப்ப ஒரு கையில பை, ஒரு கையில பர்ஸ். கேமரா எப்படிங்க எடுத்துட்டுப் போறது?"

"என்கிட்ட ஏன் சொல்றே? அவகிட்ட சொல்லு."

நாலாம் நாள், ஐந்தாம் நாள் என்று ஓடியது. மாடியிலிருந்து பார்த்தால் தேசம்மா தெரிவாள். மீன் வெட்டிக்கொண்டே அவ்வப்போது எங்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்ப்பாள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நகர்ந்துகொள்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கத்திரிக்காய்தான். மீன் வாங்கப் போக எனக்கு முகமில்லை.

சிவப்பு விளக்கு

ஏழாம் நாள் காப்பி குடிக்கும்போது என் கணவர்தான், "கால் புராணத்தைப் பார்த்தியா?" என்று கேட்டார்.

அதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். என் வாழ்க்கையில் நானாக யாரிடமும் சொல்லாத ஒரே படம் அது.

என் தம்பி மஸ்கட்டிலிருந்து கேமராவை வாங்கிவந்து கொடுத்த மறு வாரமே நாங்கள் ராமேஸ்வரம் கிளம்பினோம். விளக்கப் புத்தகத்தை இரண்டு தடவை படித்திருந்தேன். ஆனால் ஒரு பொத்தானை அழுத்தியதும் முன்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு எரிந்ததை, சிவப்பு என்றால் நிற்பது என்று என் மூளை எடுத்துக்கொண்டது. தேனாம்பேட்டை சிக்னலில் தினமும் இரண்டு வேளை பஸ்ஸில் நின்று பழகிய மூளை அது.

ஆகவே, விளக்கு அணைந்திருந்தபோது கேமராவைக் கண்ணில் வைத்துக் கடலையும் கோபுரத்தையும் பாம்பன் பாலத்தையும் 'எடுத்தேன்'. தேதியும் சொன்னேன். முடிந்ததும் பொத்தானை அழுத்துவேன். சிவப்பு எரியும். நின்றுவிட்டது என்று நிம்மதியாகக் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பேன்.

நாலு நாள் பயணம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் கடல் இல்லை, கோபுரம் இல்லை. இருந்ததெல்லாம் கால்கள். என் கால், என் கணவரின் கால், பெயர் தெரியாத யாத்திரிகர்களின் கால். செருப்புகள், சூட்கேஸ் சக்கரம், டீக்கடையின் ஈரத் தரை. மறுபடி கால். இரண்டு டேப்புகள் நிறைய.

'கால் புராணம்' என்று பெயர் வைத்தவர் என் கணவர். உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் அதைச் சொல்லிக் காட்டி ஒரு பத்து வருடம் ஓட்டினார். நான் அதன்மேல் 'வீண்' என்று எழுதி பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டேன். மற்ற டேப்புகளை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோதும் அதைத் தொடவில்லை.

"அதுல என்னங்க இருக்கப் போகுது?"

"என்ன இல்லைன்னு உனக்குத் தெரியும். என்ன இருக்குன்னு பார்த்தியா? வேகமா ஓட்டி ஓட்டிப் பார்த்துட்டு அழுதே. நான் மூடி வெச்சேன்."

அது உண்மை.

பழைய கேமராவின் பேட்டரி உப்பிப் போயிருந்தது. சார்ஜர் வயரை நேரடியாகக் கொடுத்து ஓட்டினேன். உள்ளே ஏதோ கரகரத்தது. டேப்பின் நாடா சிக்கிக்கொண்டால் எல்லாம் போயிற்று என்று, இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல. பிறகு படம் வந்தது.

பூட்டைப் பார்க்கப் போன நேரம்

முதலில் எங்கள் வாசல் கோலம், சூட்கேஸ், என் கணவரின் புதுச் செருப்பு. ஆட்டோவுக்காகத் தெருவில் நின்றிருக்கிறோம். "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்ற என் குரல். படம் ஒரு சுற்றுச் சுற்றி, வாரில் தொங்கி, பக்கவாட்டில் சாய்ந்து நின்றது.

சாய்ந்த திரையின் நடுவே தேசம்மா உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்கக் கறுப்பு முடி. பச்சைக் கண்டாங்கி. முன்னால் பலகை, கூடை, தெர்மாகோல் பெட்டி. பின்னால் மின்சாரப் பெட்டி. அவளேதான். எங்கள் தெருவேதான்.

"இன்னா சார், ஊருக்கா?" என்றாள் அவள்.

"ஆமா. ராமேஸ்வரம்" என்றது என் கணவரின் குரல்.

"யக்கா எங்க?"

"பூட்டு சரியா விழுந்துச்சான்னு பார்க்கப் போயிருக்கா."

"இப்பத்தான பாத்துட்டு வந்துச்சு?"

"அது ரெண்டாவது தடவை."

அவள் சிரித்த சிரிப்பில் கூடையின்மேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது.

"அது இன்னா சார் கையில? டிரான்சிஸ்டரா?"

"கேமரா. மச்சான் வாங்கிட்டு வந்தது. இனிமே உங்க அக்கா என்னை நேரா பார்க்க மாட்டா. இதுக்குள்ளேதான் பார்ப்பா."

"வுடு சார். அந்த நேரமாச்சும் வாய மூடினு இருக்கும் இல்ல?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு என் காலடிச் சத்தம், "என்ன சிரிப்பு?" என்ற என் குரல், "ஒண்ணுமில்ல" என்று இரண்டு குரல்கள் ஒன்றாக.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவருக்குத் திடீரென்று செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ஞாபகம் வந்துவிட்டது; மாடிக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து, "தேசம்மா! கிடைச்சுடுச்சு!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் கையிலிருந்த மீனோடு எழுந்து நின்றாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தப் படத்தில் தேதி இல்லை. நான் தேதி சொன்னதெல்லாம் விளக்கு அணைந்திருந்த நேரத்தில். கேமராவின் கடிகாரத்தையும் அப்போது நான் இன்னும் சரிசெய்திருக்கவில்லை. மூலையில் அது ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. தேதி தேதி என்று ஊரைப் படுத்திய எனக்குக் கிடைத்த ஒரே ஆதாரம் தேதியில்லாமல் கிடைத்தது.

மறுபடியும் அந்த அறை

ஒன்பதாம் நாள் அந்த அறையில் ஆறு தலைகள் சாய்ந்தது இதற்காகத்தான்.

"இவங்கதான்னு தெரியுது. இடமும் தெரியுது" என்றார் அதிகாரி. "என்னிக்கு எடுத்ததுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அதற்கு நான் தயாராக வந்திருந்தேன். "பின்னால சுவத்துல ஒரு போஸ்டர் இருக்கு மேடம்."

"கும்பாபிஷேகம்" என்று படித்தார் இளநீர்க்காரர், தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்து. "எங்கம்மன் கோயிலுதான். வருசம் போட்டுகிது பாருங்க."

எங்கள் வட்டாரத்துச் சின்ன அம்மன் கோயில் அது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் கும்பாபிஷேகம். போஸ்டரில் பசைகூடக் காயவில்லை; வருடம் பெரிய எழுத்தில் இருந்தது. மாதமும் நாளும் மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் மறைந்திருந்தன.

அதிகாரி ஒரு கோப்பைப் புரட்டினார். அவர் முகம் கொஞ்சம் வாடியது.

"வருஷம் சரி. ஆனா கணக்கெடுப்பும் அதே வருஷம்தான்மா. ஐப்பசில நடந்திருக்கு. இது அதுக்கு முன்னாலயா, பின்னாலயான்னு தெரியணுமே. பின்னால வந்து உட்கார்ந்தவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி."

நான் நோட்டை எடுத்து நீட்டினேன். ராமேஸ்வரம் கிளம்பிய நாள், மணி, வானிலை எல்லாம் அதில் இருந்தன. அவர் அக்கறையோடு வாங்கிப் பார்த்தார். "ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கீங்க" என்றார். "ஆனா இது நீங்களா எழுதினது. நாளைக்கு யாராவது கேட்டா நான் இதைக் காட்ட முடியாதும்மா."

நியாயம்தான். அலுவலகத்தில் நானே எத்தனையோ பேருக்கு இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் வேறு எதுவும் இல்லை. என் கணவர் என் முழங்கையைத் தொட்டார்.

தேசம்மா அதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது தன் முகத்தையோ போஸ்டரையோ அல்ல.

"யக்கா, அப்டியே நிறுத்து. என் கூடைய மட்டும் பெர்சா காட்டு."

காட்டினேன்.

"இத்தப் பாரும்மா" என்று மேசையைச் சுற்றி அதிகாரியின் பக்கமே போய்விட்டாள் அவள். "எறா பாத்தியா, ஒண்ணொண்ணும் என் கைய தாண்டி கீது. வஞ்சிரம் முய்சா நாலு கெடக்குது. இது கட்டுமரத்து மீனு இல்ல, மெசின் போட்டு மீனு. ரெண்டு மாசம் கடலுக்குப் போகக் கூடாதுன்னு தட போடுவாங்கோ இல்ல? அது முடிஞ்சு போட்டுங்கோ போய்ட்டு வர்ற மொத வாரந்தான் இப்டி வந்து குமியும். அப்புறம் வருசம் பூரா தேடு, இந்த சைசு என் கூடைக்கு வராது. ஐப்பசில ஏது? மயைல கடலு கலங்கி, நெத்திலிக்கே நாங்க அல்லாடுவோம்."

"அந்த வாரம்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"எம்மா, நாப்பது வருசமா கூட தூக்கறேன். கூடைய பாத்தா மாசம் தெரியாதா எனக்கு?"

கம்ப்யூட்டர்ப் பெண் மெல்லச் சொன்னாள். "தடை முடியறது ஜூன் மாசம் மேடம். எங்க அம்மாவும் அந்த வாரம்தான் பெரிய எறா வாங்குவாங்க. மத்த நாள்ல கண்ணுலயே படாதுன்னு சொல்லுவாங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, அந்தக் கூடையை நெடுநேரம் பார்த்தார்.

"தடை அரசாங்க உத்தரவு. அதுக்குத் தேதி இருக்கு" என்றார், பாதி தனக்குத்தானே. "போஸ்டர்ல வருஷம் இருக்கு. சாட்சிகள் சொன்னதும் ஒத்துப்போகுது. ஐப்பசிக்கு நாலு மாசம் முன்னாடி." பேனாவை எடுத்தார். "எழுதும்மா, சேர்த்துக்கலாம்."

நான் அவசரமாக நோட்டைத் திறந்து பார்த்தேன். எனக்காகத்தான். ராமேஸ்வரம் கிளம்பிய அந்தத் தேதி, தடை முடிந்து ஐந்தாம் நாள். ஆறு நோட்டு எழுதிய நான் தேதி சொல்ல முடியாமல் நின்றேன். எழுதப் படிக்கத் தெரியாத தேசம்மா அதை ஒரு கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். இதை என் கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். "நீ படிக்கிற நோட்டு வேற, அவ படிக்கிற நோட்டு வேற" என்றார். அவர் சொன்னதில் அன்று நான் குறை கண்டுபிடிக்கவில்லை.

"பேரு, அப்பா பேரு, வீட்டு விலாசம் சொல்லுங்க" என்று கம்ப்யூட்டர்ப் பெண் தட்டச்ச ஆரம்பித்தாள். தேசம்மா ஒவ்வொன்றையும் தெருவில் கூவுகிற அதே குரலில் சொன்னாள். வெளி வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தொழில்?"

"மீன் விக்கிறது. அது இல்லாம இன்னா?"

அட்டையில் ஒட்ட ஒரு படம் வேண்டுமாம். மேசைமேல் சின்னதாக ஒரு கேமரா இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நெற்றி முடியை ஈரக் கையால் படிய வைத்தாள். மூக்குத்தியைத் திருகிச் சரிசெய்தாள். என்னைப் பார்த்து, "ஷோக்கா கீறனா?" என்றாள்.

"இருக்கே" என்றேன்.

"நேரா பாருங்கம்மா" என்றாள் அந்தப் பெண். "தலையைச் சாய்க்காம. ஆங். சிரிக்கக் கூடாது."

படம் எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். "சிரிச்சுட்டீங்க. மறுபடி எடுக்கறேன்."

மறுபடி எடுத்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "அம்மா, அட்டைக்குச் சிரிக்கக் கூடாதும்மா."

"நான் எங்கம்மா சிரிச்சேன்? என் மூஞ்சே அப்டிதான்."

இளநீர்க்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். மூன்றாவது தடவை அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போனால் போகட்டும் என்று அப்படியே எடுத்து அட்டையில் ஏற்றிவிட்டாள்.